அம்மிச்சி விட்டுப்போன பத்து ஏக்கர்: அடர்வனம் வைக்கலாமா?

கேள்வி: 2025 ஜூன் 2

வெள்ளகோவில் பக்கத்தில் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) பெயரில் இருந்த பத்து ஏக்கர் இப்போது என் பெயருக்கு வந்திருக்கிறது. நான் பெங்களூரில் வேலையில் இருக்கிறேன். நிலம் முப்பது ஆண்டுகளாகத் தரிசாகவே கிடக்கிறது. சுற்றி முள்வேலி, உள்ளே காய்ந்த புல், அங்கங்கே ஒரு வேலமரம். போர் போட்டு, ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் கன்று வைத்து அடர்வனமாக்கி ஊருக்கு நல்லது செய்ய ஆசைப்படுகிறேன். எந்தெந்த மரம் வைக்கலாம்?

பதில்: ஜூன் 3, காலை

எதையும் வைக்காதீர்கள், தம்பி. முதலில் அந்தத் 'தரிசு' என்ற சொல்லை எடுங்கள். முள்வேலி என்று எழுதியிருக்கிறீர்களே, அது கிளுவை. புல், கொழுக்கட்டைப் புல். மரம், வெள்வேல். மூன்றும் ஓரிடத்தில் இருந்தால் அதற்குக் கொறங்காடு என்று பெயர். உங்கள் அப்புச்சியோ (அம்மாவின் அப்பா) அவருக்கு முந்தியவர்களோ கைப்பாடுபட்டு உண்டாக்கிய மேய்ச்சல் நிலம் அது. காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் என்று இந்த வட்டாரம் முழுக்க மாடும் ஆடும் இதை நம்பித்தான் இருந்தன. காங்கயம் மாடு என்று ஊர் உலகம் பேசுகிறதே, அது தின்று வளர்ந்தது இந்தப் புல்லைத்தான்.

ஜூன் 3, இரவு

காலையில் கோபத்தில் எழுதிவிட்டேன். நீங்கள் கேட்டதில் தப்பில்லை. நானே அப்படித்தான் நினைத்தேன்.

1989-இல் கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தேன். தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீரில் விளைந்த சோறு தின்று வளர்ந்தவள். வரப்பில் நடந்தால் காலில் ஈரம் ஒட்டும் ஊர் அது. சித்திரை வெயிலில் இங்கே பஸ்ஸை விட்டு இறங்கினேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வைக்கோல் நிறம். அழுகை வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து மாமனாரிடம், "ஏன் மாமா, இதில் ஒன்றும் விளையாதா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

ஐப்பசியில் மழை பெய்த ஐந்தாம் நாள் என்னைக் காட்டுக்குக் கூட்டிப் போனார் (மேய்ச்சல் நிலத்தையும் இங்கே காடு என்றுதான் சொல்வோம்). காலால் மிதித்தால் நொறுங்குகிற மாதிரி ஒரு புல் தூர். குனிந்து அதை இரண்டு கையாலும் விலக்கிக் காட்டினார். அடியில், பழைய தாள்களுக்கு நடுவில், ஊசி முனை கனத்துக்குப் பச்சை. ஒன்றிரண்டு இல்லை, இருபது முப்பது இருக்கும். "செத்த மாதிரி இருக்கும். சாகாது" என்றார். அவ்வளவுதான். பதினைந்தாம் நாள் அந்தத் தூர் முழங்கால் உயரம்.

எட்டு மாதம் மழையில்லாமல் கிடந்து, நாலு மழைக்கு எழுந்து நின்று ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி கொடுக்கிற ஒன்றைத் தரிசு என்று சொல்ல அதற்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் 5

கரூர் நண்பர் கேட்டிருக்கிறார்: மரமே வைக்கக் கூடாது என்றால் வெள்வேல் எங்கிருந்து வந்தது? நியாயமான கேள்வி. 'எதையும் வைக்காதீர்கள்' என்று நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்.

கொறங்காட்டில் மரம் உண்டு. ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழாத தூரத்தில் இருக்கும். வெள்வேல் இலை பொடி இலை. வெயில் சல்லடையில் சலித்த மாதிரி கீழே இறங்கும். அதனால் அடியில் புல் வளரும். புல் தீர்ந்து ஆடு வயிறு ஒட்டி நிற்கிற கோடையில் காய் உதிரும். காலையில் மரத்தடிக்கு ஆடுகள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்! காயைத் தின்ற ஆடு புழுக்கையில் விதையைப் போடும், அதுவே முளைக்கும். முளைத்ததில் நல்லதாக நான்கைப் பார்த்து, சுற்றிலும் முள் வெட்டிப் போட்டு மூன்று வருடம் காப்பாற்றினால் போதும். நாற்றுப்பண்ணைக்குப் போக வேண்டிய வேலையே இல்லை.

அடர்வனம் வேறு. நெருக்கி வைத்த கன்றுக்கு முதல் இரண்டு மூன்று வருடம் தண்ணீர் விட்டே ஆக வேண்டும். நல்ல ஆண்டிலேயே இங்கே 600 மில்லிமீட்டர் பக்கம்தான் மழை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் பக்கத்துக் காட்டில் ஆயிரம் அடி போர் போட்டும் புகைதான் பறந்தது. அப்படியே தண்ணீர் கிடைத்து மரம் வந்தாலும், நிழல் மூடியதும் கொழுக்கட்டைப் புல் போய்விடும். புல் போனால் ஆடு போய்விடும். ஆடு போனால் அந்த ஆட்டை வைத்துப் பிழைக்கிற ஆளும் போய்விடுவார்.

ஜூன் 9

ஒரு கேள்வி, தம்பி. முப்பது ஆண்டாகச் சும்மா கிடக்கிறது என்றீர்கள். சும்மா கிடந்தால் இத்தனை நாளில் சீமைக் கருவேலம் மூடியிருக்கும். உங்கள் விவரத்தில் இன்னும் புல் இருக்கிறது. யாரோ மேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஊருக்குப் போகும்போது படல் (வேலி வாசலை அடைக்கிற முள் கதவு) எந்தப் பக்கம் இருக்கிறது, அதன் கயிறு பழையதா புதியதா என்று பாருங்கள். கயிறு புதியதென்றால் அந்தக் காட்டுக்கு ஆள் இருக்கிறது.

ஜூன் 22

தம்பி போய்ப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். கயிறு புதியது. ஆறு ஆடும் ஒரு மாடும் வைத்திருக்கிற அம்மா ஒருவர் பதினான்கு வருடமாக அங்கே மேய்க்கிறாராம். சொந்த நிலம் இல்லை. வருடா வருடம் பொங்கலுக்கு அம்மிச்சிக்கு ஒரு செம்பு நெய் கொடுத்து வந்திருக்கிறார். அம்மிச்சி இறந்த பிறகு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றிருக்கிறார். இவரைப் பார்த்ததும், "காட்டை விற்கப் போகிறீர்களா சாமி?" என்றுதான் முதலில் கேட்டிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. பத்திரத்தில் எழுதாத உறவு. ஒரு கையெழுத்தில் அறுந்துவிடும்.

ஜூன் 24

முந்தின குறிப்பில் விட்டுப்போனது. வேலி பொத்தலாக இருப்பதால் கல்கால் நட்டு முள்கம்பி போடலாமா என்று தம்பி கேட்டிருந்தார். வேண்டாம். பொத்தலை மட்டும் கிளுவையால் அடையுங்கள்.

கிளுவைப் போத்து, அதாவது நடுவதற்கான கிளை, நெஞ்சுயரத்துக்கு வெட்டிக்கொள்வது. வெட்டிய உடனே நடாமல் சில நாள் நிழலில் போட்டு வைப்பார் என் மாமனார். வெட்டுவாய் காய்ந்தால் அழுகாது என்பார். ஒரு முழ ஆழம் கீறிப் போட்டு, விரல் நுழையாத நெருக்கத்தில் நட்டு, குறுக்கே இரண்டு வரிசை கோல் வைத்துக் கட்டுவது. கோடையில் இலையே இருக்காது. மொட்டைப் பச்சைத் தண்டு மட்டும் நிற்கும், பட்டை காகிதம் போல உரியும். உரிந்த இடத்தை நகத்தால் கீறினால் குங்கிலிய வாசனை. மழை பெய்ததும் மூன்று இலை மூன்று இலையாகத் தளிர்க்கும், வெள்ளாடு எட்டி எட்டிக் கடிக்கும்.

அந்த வேலியில் பிரண்டை ஏறும், கோவை ஏறும், முடக்கத்தான் ஏறும். கருஞ்சிட்டு கூடு வைக்கும். தவிட்டுக்குருவி கூட்டமாக உள்ளே புகுந்து சத்தம் போடும். கீரி, உடும்பு, கவுதாரி எல்லாம் அதற்குள்தான். இரண்டு கிளுவை வேலிக்கு நடுவே போகிற வண்டித்தடத்துக்கு இட்டேரி என்று பெயர். இந்த ஊரில் நான் கற்றுக்கொண்ட சொற்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். இன்றைக்கு இட்டேரியை அகலப்படுத்தித் தார் போட்டால் முதலில் போவது இரண்டு பக்கத்து வேலியும். கம்பி வேலியில் ஒரு குருவி உட்காரலாம். குடியிருக்க முடியாது.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளுகிறது. நான்கு தூறல். புல்லுக்குப் போதாது, மண் வாசனைக்குப் போதும்.

ஆகஸ்ட் 10

ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார்: அரசே மரம் நடச் சொல்கிறது, நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள் என்று.

தடுக்கவில்லை. 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு, மரப் பரப்பைப் பத்து ஆண்டில் 33 விழுக்காடாக்க வேண்டும் என்கிறது. ஆற்றங்கரையில், சாலையோரத்தில், பள்ளிக்கூடத்தில், அழிந்த காட்டில் வைக்கட்டும், நானும் கூட வந்து குழி எடுக்கிறேன். என் பயம் கணக்கில்தான். நடுவண் அரசு வெளியிடுகிற தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர் நிலத்துக்கு என்று தனியாக வகையே இருக்கிறது. மேலிருந்து படம் எடுத்தால் என் மாமனார் காடும் அப்படித்தான் தெரியும். வரைபடத்தில் வெறுமையாகத் தெரிகிற இடத்தைத் தேடித்தான் மரம் நடுகிறவரும் வருகிறார், சூரிய மின்தகடு போடுகிறவரும் வருகிறார், மனை பிரிக்கிறவரும் வருகிறார்.

அண்டார்டிகாவை நீக்கிப் பார்த்தால் உலக நிலத்தில் 40 விழுக்காட்டுக்கும் மேல் வறண்ட நிலம். அத்தனையும் பாலைவனமாகிப்போன காடு என்று நினைத்துக்கொண்டு மரம் நடக் கிளம்பினால் என்ன ஆகும்? இயற்கையாகவே புல்லுக்கென்று அமைந்த மண் உண்டு. புல்லின் வேர் மண்ணுக்குள் வைத்திருக்கிற கரிமம் கண்ணுக்குத் தெரியாததால் அதற்கு மதிப்பில்லை என்று ஆகிவிடாது.

செப்டம்பர் 2

எழுத மனமே இல்லாமல் எழுதுகிறேன். காங்கயம், வெள்ளகோவில் பகுதியில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது சில ஆண்டுகளாகவே செய்தியில் வருகிறது. விவசாயிகள் செத்த ஆடுகளைச் சாலையில் போட்டுப் போராடியதையும் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் பட்டியில் ஒரு தை மாத விடியலில் ஏழு ஆடு கிடந்தது. மேச்சேரி ஆடுகள். இரண்டு சினை. கழுத்தில் மட்டும் கடி, தின்னவே இல்லை. பட்டிக்கு வெளியே ஒன்று உயிரோடு நின்றது. பின்னந்தொடை பிய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கத்தக்கூட இல்லை, வந்து சேலையில் முகத்தை வைத்துக்கொண்டது. மருத்துவர் வருவதற்குள் போய்விட்டது. இழப்பீடு கேட்டுப் போன இடத்தில் பிரேதப் பரிசோதனைச் சான்று கேட்டார்கள். அதற்குள் நாங்கள் புதைத்திருந்தோம்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர், "போதும், விற்றுவிடலாம்" என்றார். நல்லவேளையாக வாங்க ஆள் வரவில்லை.

கொறங்காட்டைக் காப்பாற்றுவது என்றால் புல்லையும் வேலியையும் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். இரவில் பட்டிக்குக் காவல் யார் என்பதும் அதில் சேர்த்திதான். அதற்கு ஒரு வழி பிறக்காமல் ஆறு ஆடு வைத்திருக்கிற அம்மாவிடம் போய்ச் சுற்றுச்சூழல் பேச எனக்கு உரிமை இல்லை.

செப்டம்பர் 4

திருத்தம். நாய்கள் நகரத்திலிருந்து கொண்டுவந்து விடப்படுபவை என்று ஒருவருக்குப் பதிலில் சொல்லியிருந்தேன். பக்கத்துக் காட்டுக்காரர் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். சாலையோரப் பள்ளத்தில் கோழிக்கழிவு மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிடக்கிறது. நாய் அங்கேதான் பெருகுகிறது. கழிவு வராத நாளில் பட்டிக்கு வருகிறது. நாயைத் திட்டிப் பயனில்லை.

அக்டோபர் 6

சூரிய மின்சாரத்துக்குக் குத்தகை கேட்டு எங்கள் உறவிலேயே ஒருவரிடம் வந்தார்கள். இருபது ஏக்கர். கொடுத்துவிட்டார். முதலில் அவரோடு சண்டை போட்டேன், ஒரு மாதம் பேசவில்லை.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவருக்கு மகள் படிப்புக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது. வேலி கட்ட ஆள் கிடைக்கவில்லை. பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலின் வெள்ளகோவில் கிளை எங்களுக்குக் கடைமடை. தண்ணீர் வரும் வரும் என்று எத்தனை வருடம் பார்ப்பது? காட்டை வைத்துக்கொண்டு பசியோடு இரு என்று சொல்ல நான் யார். அவர்மேல் எனக்கு இப்போது கோபமில்லை.

ஆனால் இரண்டு பேர் அந்தக் காட்டில் மேய்த்துக்கொண்டிருந்தார்கள். குத்தகைப் பத்திரத்தில் நிலத்துக்காரர் பெயர் இருந்தது, கம்பெனி பெயர் இருந்தது. அந்த இருவர் பெயரும் இல்லை. ஒருவர் ஆட்டை விற்றுவிட்டு இப்போது தேங்காய்க் களத்துக்கு உடைக்கப் போகிறார். மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேய்ச்சல் நிலத்துக்கு விலை பேசும்போது மேய்ப்பவருக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்கிறேன்.

நவம்பர் 12

மழை வந்துவிட்டது! புல் கணுக்கால் தாண்டிவிட்டது. நரிப்பயறு தரையோடு படர்கிறது.

வேலியோரம் சீமைக் கருவேலம் கன்று நூறாவது இருக்கும், ஈரத்தில் பிடுங்கிவிட்டோம். இதிலும் ஆட்டுக்குப் பங்கு உண்டு. சீமைக் கருவேலங்காய் தித்திப்பு, ஆடு விரும்பித் தின்னும், வெள்வேல் விதை போலவே இதையும் புழுக்கையில் போட்டுவிடும். குஜராத்தின் பன்னிப் புல்வெளியில் உப்பு பரவுவதைத் தடுக்க 1960-களில் வனத்துறையே இதை விதைத்தது. இப்போது மால்தாரி மேய்ப்பர்கள் புல்லை மீட்க அதை வேரோடு தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் நட்ட மரம்தான் அதுவும். அடர்வனம் என்று நீங்கள் கேட்டபோது எனக்குக் காலையிலேயே கோபம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம், தம்பி.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற கொழுக்கட்டைப் புல் அமெரிக்காவின் அரிசோனாவில் பெரிய தொல்லை. மேய்ச்சலுக்கென்று கொண்டுபோனது அங்கே பாலைநிலத்தில் பரவி, காய்ந்து, தீயைக் கொண்டுவருகிறது. தீயையே அறியாத சாகுவாரோ கள்ளிகள் அதில் கருகுகின்றன. அங்கே தன்னார்வலர்கள் கடப்பாரையோடு போய் இந்தப் புல்லைப் பிடுங்குகிறார்கள் என்று படித்தபோது கொஞ்ச நேரம் சங்கடமாக இருந்தது. அமெரிக்கக் கண்டத்து மரம் இங்கே, நம் பக்கத்துப் புல் அங்கே. அவர்கள் பிடுங்குவதும் சரி, நான் விதைப்பதும் சரி.

2026 ஜனவரி 18

பொங்கல் வேலையில் எழுத முடியவில்லை.

இந்த ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. மங்கோலியா முன்மொழிந்து 2022-இலேயே முடிவானது. நம் ஊரில் இதைப் பற்றி யாரும் பேசிக் கேட்கவில்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் அத்தனை இலட்சம் பிள்ளைகள் காளைக்காக நின்றபோது நானும் தொலைக்காட்சி முன்னால் கண்கலங்கி உட்கார்ந்திருந்தேன். அந்தக் காளை என்ன தின்கிறது, அது மேயும் காடு யாரிடம் இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவராவது கேட்டிருக்கலாம்.

ஆனால் நானும் கேட்கவில்லை. 2003 வறட்சியில் எங்கள் வீட்டுக் காங்கயம் மயிலைப் பசுக்கள் மூன்றையும் விற்றது நாங்கள்தான். ஒன்றிரண்டு லிட்டர் கறக்கிற மாட்டுக்குப் பதில் பத்து லிட்டர் கறக்கிற கலப்பின மாடு வந்தது. அது வெயிலில் நிற்காது, கொறங்காட்டில் மேயாது, கட்டுத்தரையில் தீவனம் தின்றது. மாடு கட்டுத்தரைக்குப் போனதும் காடு கவனிப்பில்லாமல் போனது. மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் மட்டும் படலைத் திறந்து உள்ளே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார்.

மறுபடி ஒரு பசு வாங்கினோம், பழையகோட்டை ஞாயிற்றுச் சந்தையில். அதற்குள் அவர் இல்லை. அது ஈன்ற கன்று செக்கச்செவேல் என்று இருந்தது. என் பேத்தி, "வெள்ளை மாட்டுக்கு எப்படிச் சிவப்புக் கன்று?" என்று கேட்டாள். காங்கயம் கன்று பிறக்கும்போது சிவப்புதான், ஆறு மாதத்தில் நிறம் மாறும். அவள் நம்பவில்லை. மாதம் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள்.

பிப்ரவரி 8

தம்பியிடமிருந்து நீண்ட கடிதம். பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிறார். நெய்ச் செம்பு அவர் கைக்கு வந்துவிட்டது. காட்டை அந்த அம்மாவே மேய்த்துக்கொள்ளட்டும் என்று ஐந்து வருடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், வாடகை இல்லை, வேலி பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு, கூலி இவர் பொறுப்பு. எழுத்தில் கொடுத்ததுதான் எனக்குப் பிடித்தது. அடர்வன ஆசையையும் முழுக்க விடவில்லை. தோட்டத்து வீட்டுக் கிணற்றோரம் அரை ஏக்கரில் வைக்கப் போகிறாராம். வைக்கட்டும், அங்கே ஈரம் இருக்கிறது.

காட்டை நாலாகப் பிரிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். பத்து ஏக்கரை ஆறு ஆட்டுக்கும் ஒரு மாட்டுக்கும் நாலாகப் பிரிக்க வேண்டாம். நடுவில் ஒரு கிளுவை வேலி போட்டு இரண்டாக்கினால் போதும். ஒன்றில் மேயட்டும், மற்றது விதை கட்டட்டும். மாடு முன்னே, ஆடு பின்னே. ஆட்டை முதலில் விட்டால் அது தரையோடு கரும்பிவிடும், மாட்டுக்கு நாக்கு வளைக்கத் தாள் இருக்காது.

பிப்ரவரி 9

புல் மெலிந்த இடத்துக்கு விதை கேட்டிருந்தீர்கள். இந்தக் கார்த்திகையில் உருவிய விதையைக் கொடுக்க மாட்டேன், புது விதை சரியாக முளைக்காது. போன வருடத்து விதை சாக்கில் இரண்டு கிலோ இருக்கிறது. உருவும்போது கதிரின் சுணை விரலெல்லாம் ஏறும், அதை உதறாமல் விதையோடு சேர்த்தே வைத்திருக்கிறேன். செம்மண்ணும் சாணியும் கலந்து உருட்டிக் காயவைத்துத் தூவினால் காற்றில் பறக்காது, எறும்பும் தூக்காது.

சித்திரையில் கண்ணபுரம் தேருக்கு வருவீர்கள் இல்லையா? ஓலப்பாளையத்தில் சந்தை கூடும். அந்த அம்மாவையும் கூட்டி வாருங்கள், அவரிடம் கொடுத்துவிடுகிறேன். வேலிக்கு எத்தனை போத்து வேண்டும் என்று அவரையே கேட்டுச் சொல்லுங்கள், எங்கள் கிழக்கு வேலியில் வெட்டிக்கொள்ளலாம்.